நாயின் தீராத அரிப்பு: காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டுபிடிப்பது எப்படி?

எந்த நாயும் அவ்வப்போது சொறிந்துகொள்ளும். தூங்கி எழுந்ததும் காதுக்குப் பின்னால் நாலு இழுப்பு, வெளியே போய் வந்ததும் உடம்பை ஓர் உதறு, அவ்வளவுதான். ஆனால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுச் சொறிகிறது, விளையாடும்போதே உட்கார்ந்து காலைக் கடிக்கிறது, நடு இரவில் எழுந்து நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த நாய் உண்மையிலேயே அவதிப்படுகிறது. தொடர்ந்த அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும், குணத்தையும் மாற்றும். தொட்டாலே உறுமத் தொடங்கிய நாய், தோல் ஆறியதும் பழையபடி மடியில் வந்து படுப்பதுண்டு.

காலால் சொறிவது மட்டுமே அரிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பாதத்தை ஓயாமல் நக்குவது, முகத்தைத் தரைவிரிப்பில் தேய்ப்பது, தலையை அடிக்கடி உதறுவது, பின்புறத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்வது, முன்பற்களால் தோலைக் கொறிப்பது எல்லாமே அரிப்புதான். வெளிர் நிற முடியுள்ள நாய்களின் பாதம் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாக மாறியிருந்தால், நாம் பார்க்காத நேரமெல்லாம் அது நக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எச்சிலில் உள்ள நிறமிதான் அப்படிப் படிகிறது.

பல வீடுகளில் கதை ஒரே மாதிரி போகும். முதலில் ஒரு ஷாம்பு. இரண்டு வாரம் கழித்து வேறொரு ஷாம்பு. பிறகு உணவை மாற்றுவார்கள், அதையும் மூன்று வாரத்தில் விட்டுவிடுவார்கள். கடைசியில் ஓர் ஊசி. அரிப்பு உடனே நிற்கும், மருந்தின் வேகம் தீர்ந்ததும் திரும்பிவரும். இத்தனைக்கும் பிறகு, எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்ல யாராலும் முடியாது. அக்கறை இல்லாததால் இப்படி ஆவதில்லை. வரிசை இல்லாததால் ஆகிறது. தெள்ளு, சிற்றுண்ணி (கண்ணுக்குத் தெரியாத தோல் பூச்சி), தொற்று, உணவு ஒவ்வாமை, சூழல் ஒவ்வாமை (தூசி, மகரந்தம் போன்றவற்றால் வருவது) என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் அதற்குரிய காலம் முழுக்கப் பார்த்து விலக்கிக்கொண்டே போனால், பெரும்பாலான நாய்களில் காரணத்தைப் பிடித்துவிடலாம். முதல் மூன்றையும் சோதிப்பது எளிது, குணப்படுத்தவும் முடியும். கடைசியில் இருப்பதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனையே கிடையாது. மற்றதையெல்லாம் விலக்கித்தான் அதை வந்தடைய முடியும். அதனால்தான் இந்த வரிசை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

முகம் அல்லது கண் இமை திடீரென்று வீங்குவது, உடல் முழுக்கத் தடிப்புகள் எழும்புவது, அதோடு வாந்தியோ மூச்சுத் திணறலோ தளர்ச்சியோ சேர்வது: இவை கடுமையான ஒவ்வாமையின் அறிகுறிகள். அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். ஈரமாக, சிவந்து, நாற்றத்துடன் சில மணி நேரத்தில் பரவும் புண்ணையும் அன்றைக்கே காட்டுவது நல்லது. அந்த வகைப் புண் ஒரே நாளில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிடும். காய்ச்சல், சோர்வு, சாப்பிட மறுப்பது, தொட்டால் வலி ஆகியவை தோல் பிரச்சினையோடு சேர்ந்து வந்தாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் நிலை தாண்டிவிட்டது.

முதல் படி: எழுதி வையுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். தோல் நோயில் நாயின் கதையே பாதி நோயறிதல். அந்தக் கதை உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அரிப்பு தொடங்கியபோது நாய்க்கு என்ன வயது? ஆண்டு முழுக்க இருக்கிறதா, சில மாதங்களில் மட்டும் வருகிறதா? முதலில் வந்தது எது, அரிப்பா புண்ணா? வீட்டில் வேறு விலங்குக்கோ மனிதருக்கோ அரிப்பு இருக்கிறதா? இதுவரை கொடுத்த மருந்துகள் எவை, எது எத்தனை நாள் உதவியது? தெள்ளு மருந்தைக் கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஒரு நாளில் அது வாயில் போட்டுக்கொள்ளும் எல்லாமே என்னென்ன? எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரிப்புக்கு மதிப்பெண்ணும் போடுங்கள். 0 என்றால் இயல்பான நாய். 10 என்றால் எந்த நேரமும், மருத்துவரின் மேசை மேல்கூட நிறுத்தாமல் சொறியும் நாய். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், முடிந்தால் வீட்டில் ஒரே ஆள் போட வேண்டும். கூடவே ஒரே இடத்தை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். "கொஞ்சம் தேவலாம்" என்ற நினைப்பை நம்ப முடியாது. 8 என்பது 5 ஆனதை நம்பலாம்.

பிறகு உடம்பில் எங்கே அரிக்கிறது என்று பாருங்கள். இடுப்புக்குப் பின்னால், வாலின் அடிப்பகுதி, பின்தொடையின் உட்புறம் என்றால் முதல் சந்தேகம் தெள்ளு. காது மடலின் ஓரம், முழங்கை, பின்காலின் மூட்டு, அடிவயிறு என்றால் சொறிச் சிற்றுண்ணி. பாதங்கள், முகம், அக்குள், அடிவயிறு, காதின் உட்புறம் என்றால் ஒவ்வாமை. இது உணவாலும் இருக்கலாம், சூழலாலும் இருக்கலாம். இடத்தை வைத்து அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. வயிற்றில் சீழ்ப் பொட்டுகள், வட்ட வட்டமாகச் செதில் உரிந்த தடங்கள் இருந்தால் பாக்டீரியா. தோல் எண்ணெய்ப் பிசுக்காக, கருத்துத் தடித்து, புளித்த வாடை அடித்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை. இவை முடிவுகள் அல்ல, எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கான குறிப்புகள் மட்டும்.

இரண்டாம் படி: தெள்ளு இல்லை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

"எங்கள் நாய்க்குத் தெள்ளே கிடையாது, நான் பார்த்துவிட்டேன்" என்று சொல்பவர்களின் நாய்க்குத்தான் பல நேரம் தெள்ளு ஒவ்வாமை இருக்கிறது. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாயைச் சில தெள்ளுகள் கடித்தாலே போதும், நாள்கணக்கில் அரிக்கும். அரிக்கும் நாய் விடாமல் கடித்து, நக்கி, தெள்ளை விழுங்கிவிடும். ஆகவே தெள்ளு ஒவ்வாமை கடுமையாக உள்ள நாயின் மேல்தான் தெள்ளைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பூச்சியைத் தேடுவதைவிட அதன் கழிவைத் தேடுங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் நாயை நிறுத்தி, வாலின் அடியில் நெருக்கமான சீப்பால் வாருங்கள். விழுகிற கறுப்புத் துகள்களை ஈரப்பஞ்சால் நசுக்கினால் செம்பழுப்புக் கறை பரவுகிறதா? அது செரித்த ரத்தம், அதாவது தெள்ளின் கழிவு. வெறும் மண் அப்படிச் சிவக்காது. மலத்திலோ ஆசனவாயைச் சுற்றியோ அரிசி மணி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. நாய்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நாடாப்புழு தெள்ளை விழுங்குவதால்தான் வருகிறது. ஆக அதுவும் ஒரு சாட்சி.

கழிவு கிடைக்காவிட்டாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நாயின் மேல் உள்ள வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கின்றன: படுக்கையில், தரை இடுக்கில், சோபாவுக்கு அடியில், காரின் பின்சீட்டில். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடும். கூட்டுப்புழுவின் கூட்டைப் பூச்சிக்கொல்லி எளிதில் துளைக்காது. அதிர்வும் வெப்பமும் மூச்சுக்காற்றும் படும்வரை அது மாதக்கணக்கில் காத்திருக்கும். மருந்து போட்ட ஆறாவது வாரத்திலும் புதிய தெள்ளு தென்படுவது இதனால்தான். மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. வீட்டில் உள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில், மருத்துவர் எடை பார்த்துத் தரும் தெள்ளு மருந்தைத் தொடங்குங்கள். குறைந்தது 3 மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் தொடருங்கள். படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தரையையும் விரிப்புகளையும் வேக்குவம் கிளீனரால் அடிக்கடி உறிஞ்சி எடுங்கள். அந்த அதிர்வே கூட்டுப்புழுக்களைப் பொரிக்க வைத்து மருந்துக்கு முன் கொண்டுவந்து நிறுத்தும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். பூனை இருக்கும் வீட்டில் அந்த வகைச் சொட்டு மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. வாய்வழி மாத்திரைகளான ஃப்ளூராலானர், அஃபாக்சோலானர், சாரோலானர், லோட்டிலானர் ஆகியவை சிறப்பாக வேலை செய்கின்றன. ஆனால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: சிற்றுண்ணிகள்

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

சார்கோப்டிஸ் என்ற சொறிச் சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டும். நாய்களுக்கு வரும் அரிப்புகளிலேயே மிகக் கொடியவற்றில் இதுவும் ஒன்று. மதிப்பெண் 9, 10 என்று போகும். மற்ற நாய்களுக்குத் தொற்றும். மனிதர்களுக்கும் கை, வயிற்றில் அரிக்கும் பொரிகள் வரும். ஆனால் நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலில் இனம் பெருக்க முடியாததால், நாய் குணமானதும் அவையும் மறைந்துவிடும். வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காது மடலின் ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்லத் தேயுங்கள். அந்தப் பக்கத்துப் பின்கால் தானாகச் சொறிவதுபோல் ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். பூச்சி தென்படாவிட்டாலும் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சில பூச்சிகளே இவ்வளவு அரிப்பைத் தரும். அதனால் சந்தேகம் இருந்தாலே சிகிச்சை தந்து பார்ப்பதுதான் சரியான வழி. கூடப் பழகிய எல்லா நாய்களுக்கும் சேர்த்துத் தர வேண்டும்.

டெமோடெக்ஸ் அப்படி அல்ல. கிட்டத்தட்ட எல்லா நாய்களின் முடிக்கால்களிலும் சிறிதளவு இருக்கும். குட்டிகளிலோ எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரிய நாய்களிலோ அளவுக்கு மீறிப் பெருகி, கண்ணைச் சுற்றியும் பாதங்களிலும் முடி கொட்டும். வளர்ந்த நாய்கள் ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொள்வதில்லை. தொடக்கத்தில் பெரிய அரிப்பும் இருக்காது. பாக்டீரியா சேர்ந்த பிறகுதான் அரிக்கும். இந்த நோய் உள்ள நாய்க்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு தருவது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான். தோலைச் சுரண்டிப் பார்க்காமல் ஸ்டீராய்டு அரிப்பு ஊசி போடுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இதுவே முதல் காரணம்.

மேலே சொன்ன வாய்வழித் தெள்ளு மாத்திரைகளே இந்த இரண்டு சிற்றுண்ணிகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஆக, மருத்துவர் சரியாகத் தேர்ந்தால் இரண்டாம், மூன்றாம் படிகள் ஒன்றாகவே முடியும். ஐவர்மெக்டின் ஊசியை மட்டும் யாரோ சொன்னார்கள் என்று போட்டுவிடாதீர்கள். கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு மாற்றம் இருக்கலாம். அப்படிப்பட்ட நாய்களுக்குச் சொறிக்குத் தரும் அளவே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும்.

நான்காம் படி: தொற்று, குளியல்

ஒவ்வாமை உள்ள நாய் நக்கி நக்கித் தோலின் காப்பு உடைந்ததும் பாக்டீரியாவும் ஈஸ்டும் உள்ளே இறங்கிவிடும். அதன் பிறகு அரிப்புக்கு இரண்டு காரணங்கள்: முதலில் இருந்த ஒவ்வாமை ஒன்று, இப்போது சேர்ந்த தொற்று மற்றொன்று. தொற்றை அழிக்காமல் விலை உயர்ந்த ஒவ்வாமை மருந்து கொடுத்தாலும் பாதிதான் கேட்கும். பிறகு அந்த மருந்தே சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

கண்டறிவது எளிது. மருத்துவர் தோலில் ஒட்டும் நாடாவையோ கண்ணாடித் தகட்டையோ ஒற்றி எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். சில நிமிட வேலை. அரிக்கும் நாயை எத்தனை முறை கொண்டு போனாலும் அத்தனை முறையும் இந்தச் சோதனையைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. கண்ணால் பார்த்து பாக்டீரியாவையும் ஈஸ்டையும் பிரித்தறிவது கடினம், இரண்டுக்கும் மருந்து வேறு. நாய்த்தோலில் பொதுவான பாக்டீரியா ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத வகைகள் இதில் பெருகிவிட்டன. மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் கல்ச்சர் சோதனை செய்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். மேலோட்டமான தொற்றுகளில் பலவற்றை மாத்திரையே இல்லாமல் மருந்து ஷாம்புவால் மட்டும் தீர்க்க முடியும்.

ஆனால் குளிப்பாட்டும் முறை சரியாக இருக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் உள்ள ஷாம்பு. ஈஸ்டும் இருந்தால் அதோடு மைக்கோனசோல் சேர்ந்த ஷாம்பு. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரால் முடியின் அடிவரை நனையுங்கள். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். அழுக்கு அதிகம் இருந்தால் முதலில் சாதாரண நாய் ஷாம்புவால் ஒருமுறை அலசிவிடுங்கள். பிறகு மருந்து ஷாம்புவை மோசமான இடத்திலிருந்து தொடங்கித் தோலில் படும்படி தேய்த்து, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். பலிப்பதும் பலிக்காததும் இந்த 10 நிமிடத்தில்தான் இருக்கிறது. மெல்லத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாயும் பொறுமையாக நிற்கும். நக்க மட்டும் விடாதீர்கள். பின் நுரையே வராத அளவுக்கு அலசி, விரல் இடுக்குகளிலும் மடிப்புகளிலும் ஈரம் தங்காமல் ஒற்றித் துடையுங்கள். தொற்று இருக்கும்போது வாரம் இரண்டு முறை, அடங்கிய பிறகு வாரம் ஒருமுறை போதும். சொட்டு வகைத் தெள்ளு மருந்து போடுபவர்கள் அதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டாமல் இருங்கள்.

மனிதர்களின் ஷாம்புவும் சோப்பும் வேண்டாம். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெலிது, அமிலத் தன்மையும் வேறு.

காதையும் இதே படியில் பார்த்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ள நாய்களில் காது அடிக்கடி சேர்ந்தே கெடும். சிலவற்றில் காது மட்டுமே கெடும். உள்ளே சிவப்பு, பழுப்பு மெழுகு, வாடை இருந்தால் மருத்துவர் செவிப்பறையைப் பார்த்த பிறகே சொட்டு மருந்து போட வேண்டும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியைக் காதுக்குள் விடவே கூடாது.

ஐந்தாம் படி: உணவுச் சோதனை

தெள்ளு மருந்து ஓடுகிறது, தொற்று அடங்கிவிட்டது, அரிப்பு மட்டும் ஆண்டு முழுக்கத் தொடர்கிறது என்றால் இப்போது உணவு. அடிக்கடி மலம் கழிப்பது, வயிற்றுப்போக்கு, வாயு ஆகியவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கோ, வயதான பிறகு முதல்முறையாகவோ வரும் அரிப்பிலும் உணவை மறக்கக் கூடாது.

ரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை அனுப்பி உணவு ஒவ்வாமையைக் கண்டறியலாம் என்று விற்கப்படும் சோதனைகளை நம்பி உணவை மாற்றாதீர்கள். ஒவ்வாமையே இல்லாத நாய்க்கும் அவற்றில் நீண்ட பட்டியல் வருகிறது. நம்பத்தக்க வழி ஒன்றே ஒன்று: ஒவ்வாமை தரும் உணவை முழுமையாக நிறுத்தி, அரிப்பு குறைகிறதா என்று பார்த்து, பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்ப்பது.

நாய்களில் அதிகமாகக் காணப்படும் ஒவ்வாமை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவற்றுக்கு. தானியம் இல்லாத உணவுக்கு மாறினால் தீரும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பெரும்பாலும் குற்றவாளி தானியம் அல்ல, இறைச்சிப் புரதம்தான். ஒரு நிறுவனத்தின் கோழி உணவிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கோழி உணவுக்கு மாறுவதால் ஒன்றுமே மாறாது.

சோதனைக்கு உணவு இரண்டு வகை. ஒன்று, புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்து, உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணாதபடி செய்த மருத்துவ உணவு. மற்றொன்று, நாய் வாழ்நாளில் சாப்பிட்டிராத ஒரு புரதமும் ஒரு மாவுச்சத்தும் மட்டும் கொண்டு வீட்டிலேயே சமைப்பது. வீட்டுச் சமையலைத் தேர்ந்தால், முக்கியமாக வளரும் குட்டிக்கு, சத்துக் குறையாமல் மருத்துவரிடம் கேட்டுத் திட்டமிட வேண்டும். கடையில் "புதிய புரதம்" என்று எழுதி விற்கும் சாதாரண உணவுகளில் லேபிளில் இல்லாத இறைச்சியும் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோதனைக்கு அவை உதவாது.

காலம் 8 வாரம். 5 வாரத்தில் பெரும்பாலான நாய்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். 8 வாரம் முடியும்போது உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் தேறியிருக்கும். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லையே" என்று நிறுத்துபவர்கள் நாயைப் பட்டினி போடாத குறையாகப் படுத்திவிட்டு, பதிலும் கிடைக்காமல் நிற்கிறார்கள். தொடங்கினால் முடியுங்கள். முடிக்க முடியாது என்று தோன்றும் காலத்தில், விருந்தினர் வரும் மாதத்திலோ பயணத்துக்கு முன்போ, தொடங்காதீர்கள்.

இந்த 8 வாரமும் அந்த உணவும் தண்ணீரும் மட்டும். சோதனை கெடுவது பெரிய தவறுகளால் அல்ல, யாரும் கணக்கில் எடுக்காத சின்னச் சின்ன விஷயங்களால்தான். மாத்திரையை வைத்துக் கொடுக்கும் சீஸ், இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை, சுவையுள்ள நாய்ப் பற்பசை, மெல்லும் எலும்பு, பூனையின் தட்டு, குழந்தை சாப்பிட்டு எழுந்த இடம், பாட்டி ரகசியமாகக் கொடுக்கும் ஒரு வாய். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். "இது தண்டனை இல்லை, அதன் அரிப்பைக் கண்டுபிடிக்கிற வழி" என்று புரிந்தால் பாட்டியே காவலுக்கு நிற்பார். பரிசாகக் கொடுப்பதற்கு அதே உணவில் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம். சுவையூட்டிய மருந்துகளுக்குப் பதிலாக என்ன தரலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், முக்கியமாகத் தெள்ளு மருந்து நடுவில் நின்றுவிடாதபடி.

முதல் சில வாரம் நாய் துடிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மருத்துவர் குறுகிய காலத்துக்கு அரிப்பு மருந்து தரலாம். சோதனை முடிவதற்கு முன்பே அதை நிறுத்தி, உணவு மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்கும் இடைவெளி வேண்டும்.

அரிப்பு குறைந்ததா? இப்போது கடினமான பகுதி: பழைய உணவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாயை வேண்டுமென்றே சொறிய விடுவதா என்று மனம் ஒப்பாதுதான். ஆனாலும் செய்யுங்கள். பருவம் மாறியதாலும், தெள்ளு மருந்தாலும், குளியலாலும் தேறியிருக்கலாம் அல்லவா? உணவுதான் காரணம் என்றால் பழைய உணவு தொடங்கிய 2 வாரத்துக்குள் அரிப்பு திரும்பும், சில நாய்களில் மறுநாளே திரும்பும். திரும்பியதும் நிறுத்திவிட்டுச் சோதனை உணவுக்குப் போங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு புரதம் என்று 2 வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும். வாழ்நாள் முழுக்க மருந்தே இல்லாமல் இருக்கக்கூடிய நாய் இது.

ஆறாம் படி: மீதி இருப்பது சூழல் ஒவ்வாமை

எல்லாம் செய்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால் அது அடோபி எனப்படும் சூழல் ஒவ்வாமை. தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவற்றுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பு. பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். தொடக்கத்தில் புண்ணே இல்லாமல் வெறும் அரிப்பாக வரும். முன்பாதங்களும் காது மடலும் பாதிக்கும், மடலின் விளிம்பும் இடுப்பும் பெரும்பாலும் தப்பும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ஃப்ரெஞ்ச் புல்டாக், பாக்ஸர், வெஸ்ட் ஹைலாண்ட் டெரியர் போன்ற இனங்களில் அதிகம்.

இதற்கு முழுக் குணம் அரிது, கட்டுப்பாடு நிச்சயம் உண்டு. ஒவ்வாமை நாயின் தாங்கும் அளவை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் கொஞ்சம், தெள்ளுக்கடி கொஞ்சம், ஈஸ்ட் கொஞ்சம் என்று சேர்ந்து நிரம்பி வழியும்போதுதான் அரிப்பு தெரிகிறது. மகரந்தத்தை நம்மால் நிறுத்த முடியாது. தெள்ளையும் ஈஸ்டையும் நிறுத்தினாலே பல நாய்களுக்குக் குடம் வழியாது. அதனால்தான் முந்தைய படிகள் எதுவும் வீணாவதில்லை.

மருந்துகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொன்றும் எப்படிப்பட்டது என்று தெரிந்து வைத்துக்கொண்டு போனால் பேச்சு தெளிவாக இருக்கும். ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். கடுமையான நேரத்தில் சில நாளுக்கு அது நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தாகம், பசி, சிறுநீர், எடை எல்லாம் கூடும், தோல் மெலியும், தொற்று ஏறும். தொடர்ந்து எடுத்துவந்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஓக்ளாசிட்டினிப் 2013 முதல் பயன்பாட்டில் உள்ள மாத்திரை. ஒரு நாளுக்குள் அரிப்பைக் குறைக்கும். 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கும், கடுமையான தொற்றோ புற்றுநோயோ உள்ள நாய்க்கும் ஏற்றதல்ல. லோகிவெட்மாப் அரிப்புச் செய்தியைக் கடத்தும் ஒரு புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் ஊசி. 4 முதல் 8 வாரம் தாங்கும். பிற நோய்கள் உள்ள நாய்க்கும் பெரும்பாலும் பாதுகாப்பானது. சைக்ளோஸ்போரின் மெதுவாக ஏறும், முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும்; தொடக்கத்தில் வாந்தி வரலாம். மனிதர்களுக்கு உதவும் செட்டிரிசின் வகை மருந்துகள் நாய்களின் அரிப்பில் அவ்வளவாகக் கேட்பதில்லை. மருந்துப் பெட்டியில் இருக்கிறதே என்று நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். மூக்கடைப்பு மருந்தான சூடோஎஃபெட்ரின் சேர்ந்த சளி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சு.

இளம் நாய், ஆண்டில் பல மாதம் அரிப்பு என்றால் ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சையை முன்கூட்டியே யோசியுங்கள். தோலிலோ ரத்தத்திலோ சோதித்து, எதற்கெல்லாம் ஒவ்வாமை என்று பார்த்து, அதையே சிறு சிறு அளவில் ஊசியாகவோ நாக்கின் அடியில் சொட்டாகவோ கொடுத்துப் பழக்குவது. அந்தச் சோதனை அடோபி இருக்கிறதா என்று சொல்லாது; முடிவான பிறகு மருந்தில் எதைச் சேர்ப்பது என்று மட்டும் சொல்லும். பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு நல்ல பலன் தருகிறது, ஆனால் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். நோயின் போக்கையே மாற்றக்கூடியது இது ஒன்றுதான் என்பதால், பொறுமை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே.

வீட்டில் செய்யக்கூடியவை: வெளியே போய் வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது, வாரம் ஒரு குளியல், படுக்கையை வெந்நீரில் துவைப்பது, மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு அமிலம். ஒமேகா-3 பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். அளவை மருத்துவரிடம் கேளுங்கள், அதிகமானால் வயிறு கெடும்.

தடவக் கூடாதவை

மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், பினாயில்: இவை தோலைச் சுடும், நக்கினால் நுரையீரலையும் உள்ளுறுப்புகளையும் கெடுக்கும். டீ ட்ரீ ஆயில் இயற்கையானது என்ற பெயரில் விற்கப்படுகிறது; நீர்க்காத சில மில்லி லிட்டரே நாய்க்குத் தள்ளாட்டமும் நடுக்கமும் தரும். மனிதர்களின் சொரியாசிஸுக்குத் தரும் கால்சிபோட்ரியால் களிம்பும், தோல் புற்றுக்குத் தரும் ஃப்ளோரோயூராசில் களிம்பும் கொஞ்சம் நக்கினாலே நாய் இறக்கக்கூடும். அந்தக் குழாயைக் கடித்தாலும் அதே ஆபத்துதான். நாய்த்தோலில் பூசும் எதுவும் நாயின் வயிற்றுக்குப் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதான பிறகு முதல்முறையாக வரும் அரிப்பு

7, 8 வயது வரை தோல் சுத்தமாக இருந்த நாய்க்குத் திடீரென்று அரிப்பு தொடங்கினால், அடோபி என்று எளிதாக முடிவு கட்டக் கூடாது. தெள்ளும் சொறிச் சிற்றுண்ணியும் எந்த வயதிலும் வரும், அவற்றை முதலில் பாருங்கள். அடுத்து ஹார்மோன். தைராய்டு குறைவும், கார்ட்டிசோல் ஹார்மோன் மிகுதியாகும் குஷிங் நோயும் நேரடியாக அரிப்பைத் தருவதில்லை. ஆனால் தொற்றை மீண்டும் மீண்டும் வரவழைத்து அதன் வழியாக அரிக்க வைக்கும். இரண்டு பக்கமும் சமமாக முடி கொட்டுவது, சோம்பல், எடை கூடுவது, அளவுக்கு மீறிய தாகம், தொங்கும் வயிறு ஆகியவை துப்பு. சிவந்து செதிலுரிந்து, எந்த மருந்துக்கும் அடங்காமல், உதட்டு ஓரமோ மூக்கோ நிறம் இழந்தால் தோலில் வரும் லிம்ஃபோமா என்ற புற்றையும் நினைவில் வைத்து, தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த நாய்களில்தான் "இன்னும் ஒரு மாதம் ஷாம்பு போட்டுப் பார்ப்போம்" என்பது பெரிய இழப்பாகிவிடுகிறது.

அடங்கியிருந்த அரிப்பு மறுபடி ஏறினால்

மருந்தின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். இந்த வரிசையிலேயே திரும்ப நடங்கள். தெள்ளு மருந்துத் தேதி தவறியதா? காதிலும் விரல் இடுக்கிலும் வாடை வருகிறதா? வீட்டுக்குப் புதிய உணவோ பரிசுப் பண்டமோ வந்ததா? பருவம் மாறியதா? அந்த வாரத்து மதிப்பெண்ணையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, தோலை மறுபடி ஒற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் 3-இலிருந்து 5-க்கு ஏறும்போதே போனால் ஒரு வாரக் குளியலில் முடியக்கூடியது, 9 ஆகும்வரை பொறுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.